46 வயதில் வேலையை விட்டு ஒட்டுசுட்டானுக்குத் திரும்பலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன். பிழையென்றால் திருத்துங்கள். வயது 46. கொழும்பில் தனியார் கம்பனி ஒன்றில் 20 வருஷ வேலை. மனைவி வேலைக்குப் போகவில்லை. மூத்தவள் தரம் 10, இளையவன் தரம் 6. நிலையான வைப்பில் 90 இலட்சம், ஊழியர் சேமலாப நிதியில் ஏறக்குறைய 60 இலட்சம். முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் அப்பாவின் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி, கிணறு, திருத்தினால் குடியிருக்கக்கூடிய கல்வீடு. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல், அது குத்தகையில். கொழும்பில் மாதம் 1,60,000 போகிறது, ஊரில் 70,000 போதும் என்று நினைக்கிறீர்கள். வருஷச் செலவைப் போல 25 மடங்கு சேர்ந்தால் வேலையை விடலாம் என்று யூடியூபில் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்குக்கு 2 கோடியே 10 இலட்சம் வேண்டும், கையில் ஒன்றரைக் கோடி. மிச்சத்தைச் சேர்க்க இன்னும் எத்தனை வருஷம் என்கிறீர்கள். கடைசி வரியில், அங்கே பொழுது போகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் இதை வேறு மாதிரி வாசிக்கிறேன். 60 இலட்சம் எப்போது சேரும் என்பதை நீங்களே கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பீர்கள், அதற்கு நான் தேவையில்லை. வேலையை விட்ட பிறகு ஒரு நாள் பிள்ளைகளுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டி வருமோ என்ற பயம்தான் கேள்விக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு 25 மடங்கு பதில் சொல்லாது. ஏன் என்று சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வங்கியில் 27 வருஷம், பெரும்பாலும் விவசாயக் கடன் பிரிவில், வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று மாறி மாறி இருந்தேன். 2019இல், 52 வயதில், விட்டுவிட்டு கனகராயன்குளத்துக்கு உள்ளே இருக்கும் எங்கள் வளவுக்கு வந்தேன். மாதப் பென்சன் கிடையாது. அதனால் ஒரு வங்கிக்காரனாகவும், கணக்குப் பிழைத்துத் திருத்திக்கொண்டவனாகவும் எழுதுகிறேன்.

25 மடங்கு விதி எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். 1926 முதல் அந்த நாட்டுப் பங்குகளும் அரசுக் கடன் பத்திரங்களும் எப்படி ஏறி இறங்கின என்று பார்த்தார். முதல் வருஷம் சேமிப்பில் 4 வீதம் எடுத்து, பிறகு விலைவாசி ஏறும் அளவுக்கு அதையும் கூட்டிக்கொண்டு போனால், மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவருக்குக்கூட 30 வருஷம் பணம் தாங்கியது என்று கண்டார். 1998இல் டெக்சாஸ் மாநிலத்தின் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவரும் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார்கள். 4 வீதத்தைத் திருப்பிப் போட்டால் 25 மடங்கு. கணக்குச் சரியான கணக்குத்தான். ஆனால் அது டொலரில் சேமித்து, பாதிக்கு மேல் பங்குகளில் வைத்து, 65 வயதில் ஓய்வு பெறுகிறவருக்கான கணக்கு. நீங்கள் ரூபாயில், முழுவதையும் நிலையான வைப்பில் வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு 30 வருஷம் போதாது, 40 வேண்டும். அளவு எடுக்காமல் தைத்த சட்டையை நீங்கள் போட்டுப் பார்க்கிறீர்கள்.

ரூபாய்க் கணக்கை வங்கிக்காரன் போல் பார்ப்போம். 2023இல் 20 வீத வட்டியில் மாதம் 1,50,000 வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தை மறந்துவிடுங்கள், அது காய்ச்சல் வந்தவனின் உடம்புச் சூடு. இப்போது வங்கிகள் தருவது 8 வீதத்தை ஒட்டித்தான். 90 இலட்சத்துக்கு வருஷம் 7,20,000, மாதம் 60,000. வட்டியில் 10 வீதம் வரி பிடிப்பார்கள், வருஷ வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவென்று பிரகடனம் எழுதிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். 60,000 வருகிறது, 70,000 செலவு, கிட்டத்தட்ட வந்துவிட்டோம் என்று தோன்றும். இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். மத்திய வங்கி தனக்கு வைத்திருக்கும் பணவீக்க இலக்கே 5 வீதம். எல்லாம் நன்றாக நடந்து அந்த இலக்கிலேயே நின்றாலும் 14 வருஷத்தில் விலைகள் இரட்டிப்பாகும். உங்களுக்கு 60 வயதாகும்போது இன்றைய 70,000க்கு 1,40,000 வேண்டும். ஆகவே வருகிற 7,20,000இல் 4,50,000ஐத் திரும்ப முதலோடு சேர்த்தால்தான் முதல் கரையாமல் நிற்கும். சாப்பிடக்கூடியது 2,70,000, மாதம் 22,500. உங்கள் 90 இலட்சத்தின் உண்மையான மாத வருமானம் அவ்வளவுதான். இந்த எண்ணை நான் 2019இல் போட்டுப் பார்க்கவில்லை. வங்கியில் இருந்தவனுக்கே அந்தப் புத்தி வரவில்லை.

2022ஐ நான் எப்படிக் கடந்தேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் எந்தச் சூத்திரத்தை விடவும் அது நல்ல பரீட்சை. 2019இல் எங்கள் வீட்டு மாதச் செலவு 41,000 என்று கொப்பியில் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் அதே சாமான், அதே பாவனைக்கு 83,000 என்று எழுதியிருக்கிறேன். அந்த மாதம் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவு மட்டும் 95 வீதத்தை ஒட்டி. 2021இல் 1,493 ரூபாய்க்கு வாங்கிய 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860. ஆகஸ்ட் 21ஆம் திகதி இரவு படுக்கும்போது 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய், விடியும்போது 340. எனக்கு அரை ஏக்கர் வெங்காயம் மண்ணெண்ணெய் மோட்டரில்தான் நின்றது. அந்தப் போகத்தோடு வெங்காயத்தைக் கைவிட்டேன்.

அதே வருஷம் எனக்கு 55 வயதானது, சேமலாப நிதி கைக்கு வந்தது. மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய காசு. அதற்கு அவர்கள் போட்ட வருஷ வட்டி 9 வீதம், வெளியே விலைகள் 70 வீதம் ஏறிக்கொண்டிருந்தன. காசோலையைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதை அப்படியே 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்த வைப்பில் போட்டேன், ஓரளவு மீண்டேன். அது என் கெட்டித்தனம் அல்ல. பிறந்த திகதி அப்படி அமைந்தது. இரண்டு வருஷம் முன்னால் பிறந்திருந்தால் இந்தப் பதிலை வேறு ஆள்தான் எழுதியிருப்பார்.

ஆனால் கொப்பியில் இன்னொன்றும் இருந்தது, பிறகுதான் கவனித்தேன். செலவு இரட்டித்த அந்த மாதத்தில் சில வரிகள் அசையவே இல்லை. அரிசி வரி காலி, ஏனென்றால் கொட்டிலில் நெல் இருந்தது. தேங்காய், முட்டை, முருங்கைக்காய், மரவள்ளி, விறகு எல்லாம் காலி. கிணற்றுத் தண்ணீருக்குக் காசில்லை. காசோடு சம்பந்தப்படாத செலவுக்குப் பணவீக்கம் இல்லை என்பதை நான் படித்து அறியவில்லை, அந்தக் கொப்பியில் பார்த்து அறிந்தேன். அதனால்தான் உங்களுக்கு எத்தனை கோடி என்று சொல்லாமல், 70,000இல் எவ்வளவைக் காசில்லாமல் முடிக்கலாம் என்று கேட்கிறேன்.

முதலில் நெல். நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு வருஷத்துக்கு 440 கிலோ அரிசி என்று வையுங்கள். குத்தினால் நெல்லில் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகும், ஆக 670 கிலோ நெல், ஏறக்குறைய பத்து மூட்டை. மூன்று ஏக்கர் வயலின் குத்தகையில் அது வந்துவிடும். இப்போது குத்தகையைக் காசாக வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த காலபோகத்திலிருந்து நெல்லாக வாங்குங்கள். நெல்லைத் தின்னலாம், விற்கலாம், வைத்திருக்கலாம், காசை வைத்திருக்க மட்டும்தான் முடியும். ஆனாலும் நெல்லும் எப்போதும் கைகொடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பரில் விலக்கினார்கள், அதற்குள் காலபோகப் பயிர் மஞ்சளாகிவிட்டது. என் வயலைச் செய்தவர் தை மாதம் வந்து படலையடியில் நின்றார். அந்த முகத்தைப் பார்த்துக் குத்தகை கேட்க முடியவில்லை. சிறுபோகம் அதைவிடவும் நிச்சயமில்லாதது. குளத்தில் எத்தனை அடி தண்ணீர், அதை எத்தனை ஏக்கருக்குப் பங்கிடுவது என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள், உங்கள் மூன்று ஏக்கருக்கும் கிடைக்கும் என்று எழுதி வைக்காதீர்கள்.

தோட்டம் செய்து காசு பார்க்கலாம் என்று நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் ஊரின் கதையையே எடுங்கள். 1970களில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமல் தடுக்கப்பட்டிருந்தபோது, முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர் திட்டத்தில் காணி கிடைத்தவர்கள் மிளகாயில் நல்ல காசு கண்டார்கள். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட்டது, விலை விழுந்தது. அவர்கள் உழைப்பில் எந்தக் குறையும் இருக்கவில்லை. விளைச்சல் நம் கையில், விலை கொழும்பில். இதற்கு மேல் குரங்கு, மயில், காட்டுப்பன்றி, யானை. இருபது தென்னை நிற்கும் என் வளவில் குரங்கு போக மிஞ்சுவது வீட்டுத் தேவைக்கு மட்டும். இரண்டு ஜேர்சிக் கலப்பு மாடு வாங்கி, தவிடும் புண்ணாக்கும் ஏறிய விலையில் ஒன்றரை வருஷம் நட்டத்தில் பால் கறந்து, பிறகு விற்றேன். இன்று நான் செய்வது மாரி மழையில் கச்சான், வேலியோரம் மரவள்ளி, பத்துக் கோழி. வீட்டுக்குச் செய்யுங்கள், சந்தைக்குச் செய்ய வேண்டுமென்றால் அது ஓய்வில்லை, இன்னொரு வேலை. கடன் பிரிவில் இருந்தபோது வெளியூர்க் காசோடு வந்து பண்ணை தொடங்கிய பலரின் கோப்பைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் வருஷத்தில் பெரும்பாலானவை தடிப்பாகிவிடும், கடனைக் கட்டச் சொல்லும் கடிதங்களால்.

சிக்கனம் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் கோப்பி குடிப்பதை விடச் சொல்வார்கள். வன்னியில் யாருக்கும் சிக்கனம் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. 2009இல் செட்டிகுளம் முகாம்களில் வங்கிகள் கருமபீடம் திறந்தபோது நானும் சில வாரம் அங்கே இருந்தேன். பொலித்தீனில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்த உறுதிகள், தண்ணீரில் ஊறிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்ட வங்கிப் புத்தகங்கள், சீலைத் தலைப்பில் முடிந்த ஒன்றிரண்டு பவுண். எல்லாம் போன பிறகும் இவற்றை விடாமல் பிடித்திருந்தார்கள். எதைக் கடைசியாக விடவேண்டும் என்பது அந்த மக்களுக்குத் தெரியும். என் அம்மாவுக்கு இன்றும் ஒரு மூட்டை நெல் மேலதிகமாக இல்லாவிட்டால் நித்திரை வராது. நான் முன்பு சிரிப்பேன்.

சரி, குறையாத செலவுக்கு வருகிறேன். கொழும்பிலிருந்து கணக்குப் போடுகிறவர்கள் வாடகையும் சாப்பாடும் குறையும் என்று பார்க்கிறார்கள், அது உண்மை. ஆனால் மருந்து, பிள்ளைகளின் படிப்பு, ஊர்க் கடமை இந்த மூன்றும் ஊரில் குறைவதில்லை. மருத்துவம் இலவசம்தான், கிளினிக்கில் மாத மருந்து தருவார்கள். 2022இல் அங்கே மருந்து இல்லை, வெளியே எழுதித் தந்தார்கள். சாதாரண வருத்தத்துக்கு முல்லைத்தீவு மாஞ்சோலை வைத்தியசாலை போதும். இதயம் என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, புற்றுநோய் என்றால் தெல்லிப்பழை. வைத்தியம் இலவசம், ஹயஸ் வான் வாடகை இலவசம் இல்லை. எங்கள் வீட்டில் மூன்று பேர். இப்போது மாதம் சராசரி 64,000, அதில் 11,000 மருந்துக்கும் வைத்தியசாலை ஓட்டத்துக்கும் போகிறது. சாப்பாட்டுக் காசு அதைவிடக் கொஞ்சம்தான் கூட. குடிதண்ணீரையும் இந்தக் கணக்கில் சேருங்கள். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் இருக்கிறது, அதன் காரணம் பற்றி ஆராய்ச்சிக்காரர்களிடையே இன்னும் ஒரு முடிவில்லை. காரணம் எதுவானாலும் கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை பரிசோதித்துவிட்டுக் குடியுங்கள்.

ஊர்க் கடமை என்றால் கல்யாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு, அந்தியேட்டி, குடிபுகுதல், கோயில் உபயம். கொழும்பில் இருந்தபோது வேலை என்று சொல்லித் தப்பியிருப்பீர்கள். ஊரில் இருந்துகொண்டு தப்ப முடியாது. வருஷத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் எனக்கு மாதம் 9,000 வருகிறது. ஆவணியில் வெளிநாட்டுக்காரர் வந்து என்வலப்பின் தடிப்பைக் கூட்டிவிட்டுப் போவார்கள், பிறகு அதுதான் அளவு. இதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். நான் மூன்று மாதம் காய்ச்சலில் கிடந்தபோது வேலி அடைத்துத் தந்தவர்கள், அம்மாவை வைத்தியசாலைக்கு ஏற்றிப் போனவர்கள், நான் எந்தச் செத்த வீட்டுக்குப் போனேனோ அந்த வீட்டுக்காரர். எழுதாத காப்புறுதி இது, தவணை மட்டும் ஒழுங்காகக் கட்டவேண்டும். அதே வேளை, பிணைக் கையெழுத்துக் கேட்டு வந்தால் மறுத்துவிடுங்கள். ஓய்வு பெற்ற வங்கிக்காரன் என்று என்னிடம் ஒரு மச்சான் முறையானவர் வந்தார், லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் லீசிங்குக்குப் பிணை கேட்டு. நூறு பேருக்குப் பிணை வைக்காதே என்று சொன்ன வாயோடு கையெழுத்துப் போட்டேன். நான்கு இலட்சத்துச் சொச்சம் நான் கட்டினேன். அவரை இன்றும் கோயிலில் பார்க்கிறேன், இருவரும் சாமியைப் பார்க்கிறோம்.

இப்போது நிச்சயமான சில விஷயங்கள், இவற்றை நீங்கள் எழுதவில்லை. ஒன்று, சேமலாப நிதியின் 60 இலட்சத்தை இன்றைய கணக்கில் சேர்த்தது பிழை. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதுக்கு முன் அதைச் சாதாரணமாக எடுக்க முடியாது. வீடு, மருத்துவம் என்ற தேவைக்கு 30 வீதம் வரை எடுக்க வழி இருக்கிறது, அது வேலையில் இருக்கும்போதே பார்க்கவேண்டியது. ஆகவே 46இல் விட்டால் ஒன்பது வருஷத்தை 90 இலட்சம் தனியாகத் தாண்டவேண்டும். அந்த ஒன்பது வருஷத்துக்குள்ளேதான் இரண்டு பிள்ளைகளின் உயர்தரமும் அதற்குப் பிறகுள்ள படிப்பும் வருகிறது. மற்றது நல்ல செய்தி, பணிக்கொடை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் முடித்தவருக்கு, தானாக விலகினாலும், ஒவ்வொரு வருஷத்துக்கும் கடைசி மாதச் சம்பளத்தில் பாதி தரவேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் 20 வருஷத்துக்குப் பத்து மாதச் சம்பளம். ஊழியர் நம்பிக்கை நிதியையும் வேலையை விட்டதும் எடுக்கலாம். இந்த இரண்டும் வீட்டைத் திருத்தவும் முதல் இரண்டு வருஷத்துப் பிழைகளுக்கும் போதும். பிழைகள் வரும்.

வைப்பை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரு நிறுவனம் விழுந்தால் வைப்புக் காப்புறுதி ஒருவருக்குத் தருவது 11 இலட்சம் வரைதான். ஒன்றரை வீத வட்டி கூட என்பதற்காகப் பெயர் தெரியாத நிதிக் கம்பனிக்கு ஓடவேண்டாம். பங்குச் சந்தை என் துறையல்ல, அதை விட்டுவிடுகிறேன்.

காணி பற்றி ஒரு கேள்வி. உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா? முத்தையன்கட்டுப் போன்ற குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தவை. அதை விற்கவோ ஈடு வைக்கவோ பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும், பின்னுரித்தாளராக யாரை நியமித்தார்கள் என்பதும் பதிவில் இருக்கவேண்டும். 'அப்பாவின் காணி' என்று எழுதினீர்கள், 'என் பெயரில்' என்று எழுதவில்லை. உங்களுக்குச் சகோதரர் இருந்தால், அதுவும் வெளிநாட்டில் இருந்தால், வீட்டுக்கு ஒரு கல் வைக்கும் முன் இதை முடியுங்கள். வங்கி மேசையில் நான் பார்த்த கண்ணீரில் பாதி இந்தக் காகிதத்தால் வந்தது.

அப்படியானால் எப்போது? உறுதியாகச் சொல்லக்கூடியது, இப்போது இல்லை. சந்தேகத்தோடு சொல்லக்கூடியது, மூத்தவளின் உயர்தரம் முடியும் காலம், உங்களுக்கு 50 வயதை ஒட்டி. அதற்குள் வைப்பு வளரும், சேமலாப நிதிக்கான இடைவெளி ஐந்து வருஷமாகச் சுருங்கும், மூத்தவளைப் பள்ளி நடுவில் பிடுங்கி நடவேண்டி வராது. சந்தேகம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், வட்டியும் விலைவாசியும் நான்கு வருஷத்தில் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, 2019இல் 2022ஐ யாரும் சொல்லவில்லை. உங்கள் உடம்பு, கம்பனி உங்களை வைத்திருக்குமா என்பதும் என் கணக்குக்குள் இல்லை.

இடையில் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த சம்பளத்திலிருந்து, கொழும்பு வாடகையும் பள்ளிப் போக்குவரத்தும் நீங்கலாக, மிச்சம் எல்லாவற்றையும் ஊரில் செலவழிப்பதாக நினைக்கும் தொகைக்குள் ஒரு வருஷம் வாழ்ந்து பாருங்கள். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே பார்ப்பதுதான் முக்கியம், பிழைத்தால் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். ஒரு கொப்பியில் எழுதுங்கள், போனில் வேண்டாம், வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்க்கட்டும். மனைவியின் எண்ணம் உங்கள் கேள்வியில் ஒரு இடத்திலும் இல்லை. நான் விட்டபோது என் மனைவி கேட்டது ஒன்றுதான்: "விடுறது சரி, ஆனா நீங்கள் வீட்டில இருந்தா எனக்கு எப்ப ஓய்வு?" ஒரு வருஷம் கழித்துத்தான் அது பகிடி இல்லை என்று விளங்கியது. இப்போது காலைச் சமையல் என்னுடையது. புழுங்கலரிசிக் கஞ்சியும் சம்பலும் என்றால் யாரும் குறை சொல்வதில்லை.

முழுதாக விடாமல் பாதியாக விட முடியுமா என்றும் பாருங்கள். உங்கள் தொழிலைத் தூரத்திலிருந்து செய்ய முடிந்தால், அல்லது மாதம் 30,000 வரக்கூடிய சின்ன வேலை கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கிடைத்தால், 48இலேயே வரலாம். மேலே சொன்ன 22,500ஓடு அது சேர்ந்தால், நெல்லும் தோட்டமும் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டால், முதலில் கை வைக்காமல் ஓடும். வெளிநாட்டுத் தம்பி அனுப்புவார் என்பதை மட்டும் எந்த வரியிலும் எழுதாதீர்கள். அனுப்பினால் சந்தோஷம்.

பொழுது போகுமா என்று கேட்டீர்கள். முதல் ஆறு மாதம் போகாது. ஊரும் விடாது. நான் வந்த புதிதில் சந்தியில் கேட்டார்கள், "என்ன மனேச்சர், வருத்தம் ஏதுமோ?" 52 வயதில் சுகமாக ஒருவன் வங்கியை விட்டு வந்தால் ஒன்றில் இதயம், இல்லாவிட்டால் பெட்டியில் கை வைத்திருக்கவேண்டும் என்பது எங்கள் ஊர்த் தீர்மானம். இரண்டும் இல்லை என்று நம்ப அவர்களுக்கு இரண்டு மாரி எடுத்தது. இப்போது கடன் படிவம் நிரப்பவும், காணிக் கடிதம் எழுதவும் வருகிறார்கள். காசு வாங்குவதில்லை, முருங்கைக்காயும் விரால் மீனும் வாங்குகிறேன். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சைக்கிளில் போகிற கூட்டத்தோடு ஒருமுறை நானும் போய்ப் பார்த்தேன், மூன்று நாள் கால் வலி.

ஒட்டுசுட்டானுக்கு அடுத்த முறை போகும்போது இரண்டு விஷயம் பார்த்து எழுதுங்கள். காணிக் காகிதத்தில் யாருடைய பெயர் இருக்கிறது. மற்றது, மாரியில் போகாமல் ஆவணிக் கடைசியில் போய், கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கிறது என்று கயிறு விட்டுப் பாருங்கள். 70,000 போதுமா என்பதை அந்த இரண்டையும் வைத்துத் திரும்பப் போடுவோம்.